நூறு விழுக்காடு

மலேசியாவில் லாயாங் லாயாங் ஊருக்கு வெளியே, பத்தாவது மைல் என்பதால் பத்தாம் கட்டை என்றே பேராகிவிட்ட இடத்தில், எங்கள் வரிசை வீடுகளுக்கு நேர் எதிரே ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கிறது. கப்பலில் ஏற்றும் கொள்கலன் அளவு. உள்ளே பேட்டரி. அது வந்த நாளிலிருந்து யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்ததில்லை என்று பசுமை மின் மாற்ற வாரியம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. உண்மைதான். ஒரேயொரு நாள் நன்மை செய்தது. அதற்கு விசாரணை நடந்தது.

விவரமாகச் சொல்கிறேன். நாங்கள் வேலை செய்த செம்பனை எண்ணெய்த் தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, கண்ணுக்கெட்டிய தூரம் சூரியத் தகடுகளைப் பதித்தார்கள். அந்தத் தகடுகள் பிடிக்கும் மின்சாரம் உயரமான கோபுரங்கள் வழியாகக் கெலாங் பாத்தா பக்கம் போகிறது. அங்கே ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்களில் கம்ப்யூட்டர்கள் இரவும் பகலும் யோசித்துக்கொண்டிருக்கின்றனவாம். மின்சாரம் எங்கள் கூரைக்கு மேலாகத்தான் போகிறது. இறங்குவதில்லை. எங்களுக்கு வருவது பழைய கம்பி. காட்டோரமாக வளைந்து வளைந்து வரும். பின்னேர மழையில் ஒரு கிளை முறிந்தால் போதும், பத்தாம் கட்டை இருண்டுவிடும். அதற்குப் பரிகாரமாகத்தான் வாரியம் எங்களுக்கு இந்தப் பேட்டரியைக் கொடுத்தது. பகலில் வெயில் நிரப்பும், மின்சாரம் போனால் வீடுகளுக்குக் கொடுக்கும். அப்படித்தான் சொன்னார்கள்.

திறப்பு விழாவுக்கு டத்தோ பட்டம் வாங்கிய வாரியத் தலைவர் சோமசேகரம் வந்திருந்தார். பெட்டியின் நெற்றியில் சாலையைப் பார்த்தபடி பச்சை விளக்கில் பெரிய எழுத்தில் 100 என்று எரிந்தது. கூடாரத்துக்குப் பின்னால் ஒரு லோரி நின்றது. அதன் மேல் டீசல் ஜெனரேட்டர் கர்ஜித்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி, மின்விசிறி, டத்தோவுக்கு வைத்த குளிர்காற்றுப் பெட்டி எல்லாம் அதில்தான் ஓடின. பேட்டரி பக்கத்திலேயே இருக்க, எதற்கு டீசல் என்று வாரியத்தின் திட்ட அதிகாரி ரூபேந்திரனிடம் கேட்டேன். டை கட்டிய, நல்ல முகமுள்ள இளைஞன்.

"ஐயோ அங்கிள், அதுல கைவச்சா நம்பர் குறைஞ்சிரும். டத்தோ பேசறப்போ பின்னாடி தொண்ணூத்தொம்பதுன்னு தெரிஞ்சா அசிங்கம்லா" என்றான்.

டத்தோ மேடையேறினார். "அன்பார்ந்த பெருமக்களே! உலகம் மாறிக்கொண்டிருக்கிறது. பத்தாம் கட்டையும் மாற வேண்டும். நேற்றுவரை உங்களுக்கு மின்சாரம் போனால் உங்களிடம் ஒன்றுமே இருக்கவில்லை. இன்று முதல், உங்களுக்கு மின்சாரம் போனாலும் இங்கே நூறு விழுக்காடு இருக்கும்!"

நாங்கள் கை வலிக்கத் தட்டினோம். சொன்னதைச் சரியாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும்.

வரிசையின் கடைசி வீடு சுகுமாறன் அண்ணனுடையது. அதற்கு முந்தியது என்னுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அண்ணன் முன்பு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டினார். இப்போது அதே நிலத்தில் சூரியத் தகடுகளுக்கு அடியில் லாலாங் புல் வெட்டுகிறார். அவர் மனைவி சாந்தினி அக்கா வயதுக்கு வந்த நாள் முதல் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தவர். அதனாலோ வேறெதனாலோ நுரையீரல் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். க்ளுவாங்கில் ஒரு நலச் சங்கம் ஆக்சிஜன் மெஷினை இரவல் கொடுத்திருந்தது. அது சுவரில் செருகி ஓடுவது. மின்சாரம் இருந்தால் அக்காவுக்கு மூச்சு இருக்கும். அவசரத்துக்குச் சின்ன சிலிண்டர் ஒன்றும் உண்டு. அதை வைத்துக்கொண்டு க்ளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரலாம், அவ்வளவுதான்.

மூச்சுதான் குறைவே தவிர அக்காவுக்கு வாய்க்குக் குறைவில்லை. மூக்கில் குழாயோடு வாசலில் உட்கார்ந்து எதிரே பார்ப்பார். "நம்ம புள்ளங்க யாரும் பரீட்சையில நூறு வாங்கல. இந்தப் பெட்டி ஒண்ணும் செய்யாம டெய்லி வாங்குது பாரு" என்பார்.

விழா முடிந்து சில நாளில் முதல் மழை. கம்பி அறுந்தது. மெஷின் கத்த ஆரம்பித்தது. சுகுமாறன் அண்ணன் ஓடினார். புல் வெட்டுவதற்காக வேலியின் சாவி அவரிடம் இருந்தது. பெட்டியின் வெளிச்சுவரில் 'குடியிருப்பு' என்று எழுதிய கைப்பிடி ஒன்று இருந்தது. அதைக் கீழே இழுத்தார். எங்கள் வீடுகளில் விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் மெஷின் மறுபடியும் புஸ் புஸ் என்று மூச்சுவிட்டது. நாங்கள் தெருவில் இறங்கிக் கும்பிட்டோம். பெட்டியின் நெற்றியில் எண் மெல்ல இறங்கி 93இல் நின்றது.

மறுநாள் காலையிலேயே வாரியத்தின் கார்கள் வந்துவிட்டன. கம்பி அறுந்ததைப் பார்க்க யாரும் வரவில்லை. ஊர்ப் பொதுமண்டபமான பாலாய் ராயாவில் நாற்காலி போட்டு விசாரணை தொடங்கியது. வெளியே ஜெனரேட்டர் லோரி.

"அந்த ஏழு விழுக்காடு எங்கே?" என்று டத்தோ கேட்டார்.

"செலவாயிருச்சு டத்தோ" என்றார் சுகுமாறன் அண்ணன்.

"எங்கே செலவானது?"

"வீடுங்களுக்குத்தான். லைட்டு, ஃபேனு, எங்க வீட்டுக்காரம்மாவோட மெஷினு."

"அதைத் திருப்பித் தர முடியுமா?"

அண்ணன் வெளியே அடித்த வெயிலைக் காட்டினார். "வெயில் வந்தா அதுவே நெறஞ்சிரும்னு ரூபேந்திரன் தம்பி சொன்னாரே டத்தோ."

டத்தோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தன் வீட்டு யாழ்ப்பாணத் தமிழுக்கு இறங்கினார். "வெயிலை நம்பி ஒரு வாரியத்தை நடத்தேலாது. விளங்குதோ? உங்கட சேமநிதியை மழை பெய்யிற நேரமெல்லாம் போய் எடுப்பீங்களோ? சேமிப்பு எண்டால் இருக்கோணும். எடுத்தால் அது செலவு. எங்கட வாரியத்துக்கு அரசாங்கம் குடுத்த வேலை சேமிப்பு. செலவு எங்கட இலாகா இல்லை."

பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்துத் திருத்தமான மேடைத் தமிழில் விளக்கினார். நாட்டில் வாரியத்தின் பேட்டரிகள் எல்லாவற்றிலும் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அதிகாரிகளுக்கு மதிப்பெண். நிறைந்த பேட்டரி நல்ல பேட்டரி. எங்கள் பத்தாம் கட்டையால் ஜொகூர் மாநிலமே ஓர் இடம் கீழே இறங்கிவிட்டது. "ஒரு குடும்பத்தின் வசதிக்காக ஒரு மாநிலத்தின் தரத்தைத் தாழ்த்தலாமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். வெட்கமாகக்கூட இருந்தது, அதுதான் கொடுமை.

கார்கள் கிளம்பும்போது ரூபேந்திரன் மட்டும் பின்தங்கினான். "அங்கிள், ஆன்ட்டிக்கு ரொம்ப முடியலன்னா எனக்குப் போன் பண்ணிட்டு இழுங்க. ஒரு பெர்சன்ட் ரெண்டு பெர்சன்ட்டுன்னா கணக்குல எப்படியாவது அடச்சிருவேன்" என்று மெதுவாகச் சொன்னான். கைப்பிடி அப்படியே இருந்தது. சாவியும் அண்ணனிடமே இருந்தது. அந்த ஒரு வார்த்தைக்கு அவனை நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடினோம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் எங்கள் புத்தி கெட்டது. ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆட்கள் மோட்டார் சைக்கிள், புல்வெட்டி, தையல் மெஷின் எதையும் விட்டுவைக்கமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். மூச்சுக் கொடுத்த பேட்டரிக்கு வைக்காமல் இருப்பது நன்றிகெட்டதனம் என்று எல்லாருக்கும் பட்டது. பெட்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் தீட்டி, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். சுகுமாறன் அண்ணன் தாம்பாளத்தில் ஒரு கைப்பிடி சூடத்தை அள்ளிப் போட்டு, பெட்டியை மூன்று சுற்று சுற்றி, காற்று உள்ளே போகும் சல்லடைக்கு நேரே பக்தியோடு காட்டினார்.

சூடப் புகை உள்ளே போனது. உள்ளே புகையை மோப்பம் பிடிக்கும் கருவி இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. ஜொகூர் பாருவில் வாரியத் தலைமையகத்தில் மணி அடித்தது. க்ளுவாங்கிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து, வாழைக்கன்றின் மீது தண்ணீர் அடித்துவிட்டுப் போனது.

வாரியம் இந்தச் சம்பவத்தை இரண்டு விதமாக எடுத்துக்கொண்டது. முதலாவது, மாலையும் பொட்டுமாக நின்ற பேட்டரியின் படத்தை ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டு, 'மக்கள் மனமார ஏற்றுக்கொண்ட மாற்றம்' என்று எழுதியது. இரண்டாவது, கைப்பிடியைக் கழற்றியது. இனி பேட்டரியைத் திறப்பதும் அடைப்பதும் ஜொகூர் பாரு தலைமையகத்தில் இருந்துதான். வேலிக்கு வெளியே இன்னொரு வேலி வந்தது. அதில் 'வணங்காதீர்' என்று நான்கு மொழிகளில் பலகை தொங்கியது. சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"சாமி கும்பிட்டே கெடுத்தீங்களே" என்றார் சாந்தினி அக்கா. அண்ணன் தாம்பாளத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

பெட்டி சூடாகாமல் இருக்க அதற்கு ஏசி ஓட வேண்டும். அந்த ஏசிக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து எடுத்தால் எண் குறையும் அல்லவா? அதனால் எங்கள் பழைய கம்பியிலிருந்தே எடுத்தார்கள். மத்தியானத்தில் ஏசி வேகம் பிடிக்கும்போது எங்கள் விளக்குகள் மங்கும், அக்காவின் மெஷின் ஒரு மாதிரி முனகும். ஆக, எங்களுக்குக் கொடுப்பதற்காக வந்த பெட்டி எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் சுகுமாறன் அண்ணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். அதிகாரிகள் வரும்போதெல்லாம் கூடவே டீசல் ஜெனரேட்டர் வருகிறது. லோரி டிரைவர் நம்ம ஆள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால், நீண்ட ஒயர் ஒன்றை மாட்டி அண்ணன் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே விட்டுவிடுவார். அதாவது, பசுமை மின்சாரம் எட்டாத வீட்டுக்குப் பசுமை அதிகாரிகளின் டீசல் எட்டியது. அப்படியானால் வானம் கறுக்கும்போது அதிகாரிகளை வரவழைத்துவிட்டால் போதும்.

எங்கள் புகார்ப் படலம் தொடங்கியது. வேலிமேல் குரங்கு உட்கார்ந்து பேட்டரியை முறைக்கிறது என்று ஒரு புகார். உடனே ஒரு குழு வந்து குரங்கை முறைத்துவிட்டுப் போனது. எண்ணின் பச்சை நிறம் வெளுத்துப்போய்விட்டது என்று இன்னொரு புகார். நிற நிபுணர்கள் வந்தார்கள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பெட்டியைப் படம் எடுத்தார் என்று சொன்னோம்; அதற்கு டத்தோவே வந்து, வெளிநாட்டுக்காரர் வியந்தாரா என்று விசாரித்தார். மழைக்காலம் பூராவும் ஏறக்குறைய இப்படியே ஓட்டினோம். வெளியே இடி இடிக்கும். பாலாய் ராயாவில் அதிகாரி பேசுவார். ஜெனரேட்டர் உறுமும். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் புஸ் புஸ் என்னும். அந்தச் சத்தம் கேட்கும்வரை எந்தப் பேச்சையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

"இன்னிக்கு யாரு வர்றா?" என்று அக்கா காலையில் என்னைக் கேட்பார்.

"பறவை எச்சத்தப் பாக்க ஒரு பெரிய ஆபிசர் துவான் வர்றாராம்க்கா."

"நல்லா இருக்கட்டும். கொஞ்சம் மெதுவா பாக்கச் சொல்லு."

வாரியத்தில் ஒரு நாள் யாருக்கோ கணக்குப் பார்க்கும் யோசனை வந்தது. நாட்டிலேயே அதிகமாகப் பார்வையிடப்பட்ட பேட்டரி எங்களுடையதுதான் என்று தெரிந்தது; அதற்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். கூடவே, அந்தப் பார்வைகளுக்கு எரித்த டீசல் எவ்வளவு என்றும் தெரிந்துவிட்டது. டத்தோ பதறிப்போனார். கேடயம் கொடுக்கும் மேடையிலேயே அறிவித்தார்:

"டீசல் புகைக்கும் பசுமைக்கும் ஒத்துவராது. நம் கைகள் சுத்தமாக இருக்க வேண்டும். இனி பத்தாம் கட்டைக்கு அதிகாரிகள் நேரில் வரமாட்டார்கள். எல்லாப் பார்வையும் காணொளி வழியாகவே நடைபெறும். உங்கள் குறைகளை நாங்கள் புகையில்லாமல் கேட்போம்!"

அதற்கும் கை தட்டினார்கள், எங்கள் ஆட்களே. எனக்கு அன்று வந்த ஆத்திரத்தில், பக்கத்தில் இருந்தவன் கையை முறித்திருப்பேன். சுகுமாறன் அண்ணன் மட்டும் லோரியையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மழை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. ரயில் பாதைக்குப் பக்கத்து வளைவில் ஒரு பெரிய மரம் விழுந்தது. விழும்போது கம்பியை இழுத்துக்கொண்டு, சாலையின் குறுக்கே படுத்துக்கொண்டது. மின்சாரமும் போனது, வழியும் போனது. ஆம்புலன்ஸ் மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது; சாலையோர வாய்க்கால் இரண்டும் கரைபுரண்டதால் நடந்தும் தாண்ட வழியில்லை. மழை விடவில்லை. ஆட்கள் பாராங்கத்தியோடு ஓடினார்கள். அண்ணன் சிலிண்டரைத் திறந்தார். நான் அவர் வீட்டுக்குள் போனபோது அவர் ரூபேந்திரனுக்குப் போன் போட்டிருந்தார். அக்காவைத் தாங்கிப் பிடிக்க, போனை என்னிடம் கொடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"தம்பி, தொறந்துவிடச் சொல்லுங்க தம்பி. இவளுக்கு முடியல" என்று அண்ணன் கத்தினார்.

"அங்கிள், என் கையில இல்ல அங்கிள். கைப்பிடிய எடுத்துட்டாங்க, உங்களுக்கே தெரியும். விதிவிலக்குக் குழு கூடி முடிவு பண்ணணும். எல்லாரும் மாநாட்டுல இருக்காங்க. நான் மெசேஜ் போட்டுட்டேன், ரெண்டு பேரு பாத்துட்டாங்க."

"பாத்தவங்க என்ன சொன்னாங்க?"

"கட்டைவிரல் போட்டிருக்காங்க அங்கிள். சம்மதமா, பாத்தாச்சுன்னு அர்த்தமான்னு கேட்டிருக்கேன்." அவன் குரலும் உடைந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் யாரோ ஏதோ கேட்டார்கள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. இங்க கேக்கச் சொல்றாங்க. பெட்டியோட ஏசி நின்னுருச்சா? பெட்டி சூடாகுதான்னு யாராச்சும் தொட்டுப் பாக்க முடியுமா?"

அண்ணன் என் கையிலிருந்த போனைப் பிடுங்கி அணைத்தார்.

காற்றுக்காக வாசற்கதவைத் திறந்து வைத்திருந்தோம். அக்காவை வாசலைப் பார்த்து உட்கார வைத்திருந்தோம். தெரு பூராவும் இருட்டிக் கிடக்க, எதிரே அந்த 100 மட்டும் மழைக்குள் பச்சையாக எரிந்தது. அந்த எண்ணுக்கு மட்டும் தனியாக ஏதோ ஏற்பாடு செய்திருந்தார்கள். அது அணைந்து யாரும் பார்த்ததில்லை. சிலிண்டரின் முள் கீழே வந்துகொண்டிருந்தது. அக்காவின் உதடு நீலமாகிவிட்டது. அண்ணன் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "மரத்த வெட்டுறாங்க, இதோ முடிஞ்சிரும், இதோ முடிஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா கையை உயர்த்திக் கதவைக் காட்டினார். "சாத்துங்க" என்றார். "அதப் பாக்க முடியல."

நான்தான் கதவைச் சாத்தினேன். மரத்தை வெட்டி வழி திறந்தபோது ஆம்புலன்ஸ்காரர்களுக்குச் செய்ய ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

சிங்கப்பூரில் வேலை செய்யும் அவர்கள் மகள் வந்து, காரியமெல்லாம் முடிந்து, மெஷினை க்ளுவாங் நலச் சங்கம் திரும்ப எடுத்துக்கொண்டது. அடுத்த நோயாளி காத்திருக்கிறாராம். இதற்கிடையில் வாரியம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடுமையான புயல் மழையிலும் பத்தாம் கட்டையில் சேமித்த மின்சாரத்தில் எந்த இழப்பும் ஏற்படவில்லை என்றும், ஜொகூர் மாநிலம் மீண்டும் முதலிடத்துக்கு வந்துவிட்டது என்றும் அதில் இருந்தது. திருமதி சாந்தினியின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம் என்று கடைசியில் ஒரு வரி. அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அண்ணனிடம் காட்டவில்லை.

பிறகு ஒரு வெயில் நாளில் ரூபேந்திரன் நேரிலேயே வந்தான். கூட இரண்டு ஒயர்மேன்கள். எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றான். ஒயர்மேன்கள் அவன் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. வெள்ளைப் பெட்டியிலிருந்து ஒரு புதுக் கம்பியைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்து, அண்ணன் வீட்டுச் சுவரைத் துளைத்து, படுக்கைக்குப் பக்கத்தில், மெஷின் நின்ற இடத்துக்கு நேர் மேலே, ஒரு சிவப்புப் பிளக் பாயிண்ட்டைப் பொருத்தினார்கள். துளைத்த மண் படுக்கையில் விழுந்தது. அண்ணன் அதைத் தட்டிவிடவில்லை.

"விதிவிலக்குக் குழு கூடிருச்சு அங்கிள்" என்றான் ரூபேந்திரன். "ஏகமனதா பாஸ் பண்ணிட்டாங்க. டத்தோவே ஆதரிச்சுப் பேசினாரு. வாரியத்தோட சரித்திரத்துலயே மொத தடவ."

"வீட்டுக்கெல்லாம் குடுக்கறாங்களா?" என்று நான் கேட்டேன். எங்கள் வரிசையில் இன்னும் எத்தனையோ வீடு இருக்கிறது.

"இல்ல அங்கிள். இது ஆக்சிஜன் மெஷினுக்கு மட்டும். வேற எத மாட்டினாலும் ஜொகூர் பாரு ஆபிசுல தெரிஞ்சிரும், கட் ஆயிரும்."

"மெஷின திருப்பிக் குடுத்தாச்சு தம்பி" என்றார் சுகுமாறன் அண்ணன். இழவு விழுந்ததற்கு அப்புறம் அவர் யாரிடமும் இவ்வளவு சாந்தமாகப் பேசி நான் கேட்கவில்லை.

"தெரியும் அங்கிள். அதனாலதான் வாரியமே புதுசா ஒண்ணு வாங்கித் தருது. வண்டியிலதான் இருக்கு." ரூபேந்திரன் ஒயர்மேனைப் பார்த்து வண்டிப் பக்கம் கைகாட்டினான். "குழு எடுத்த முடிவ ரத்து பண்ண வழியில்ல. பாஸ் பண்ணிட்டு யூஸ் பண்ணலன்னா ஏன் பாஸ் பண்ணீங்கன்னு கேள்வி வரும். டெய்லி கொஞ்ச நேரம் ஓட்டினா போதும் அங்கிள், நம்பர்கூட குறையாது. ப்ளீஸ்."

ஒயர்மேன் மெஷினைக் கொண்டுவந்து வைத்துச் செருகினார். புத்தம் புதுசு. உடனே ஓட ஆரம்பித்தது. புஸ் புஸ் என்று காற்று குழாயின் நுனியில் வந்தது. அண்ணன் குனிந்து அந்தக் குழாயை எடுத்தார். கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதில் வரும் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை ரூபேந்திரனிடம் நீட்டினார்.

"மெஷினு ஓடுது தம்பி. இத யாரு மூக்குல மாட்டுறது?"

ரூபேந்திரன் அதை வாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. கண் கலங்கியிருந்தது. போனை எடுத்து, குழுவின் முடிவை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் படித்துப் பார்த்தான்.

"அதப் பத்தி இதுல ஒண்ணும் போடல அங்கிள்" என்றான்.